ஆறு நியூட்ரான் விழுங்கிய டெல்லூரியம்

தனிமங்களுக்கு வாய் இருந்த காலம் ஒன்று இருந்தது. இரும்பு பேசும், கந்தகம் பேசும், காற்றில் அலைகிற ஆக்சிஜன் நிறுத்தாமல் பேசும். மனிதன் இன்னும் பிறக்கவில்லை, அதனால் அவர்கள் பேச்சில் குறுக்கே விழ ஆளில்லை. பூமி அப்போதுதான் சூடு ஆறி, பாறை என்று சொல்லும்படி ஒரு தரை உண்டாகியிருந்தது. அந்தத் தரையில் வருடம் ஒரு முறை தனிமங்கள் எல்லாரும் கூடிப் பந்தி வைப்பார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதே பெயரில் கோடிக்கணக்கான ஆட்கள் உண்டு என்றாலும், பந்திக்கு வருவது தலைக்கட்டாக, அதாவது தலைவராக, ஒருவர்தான். வாழையே முளைக்காத காலத்தில் இலைக்கு எங்கே போனார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பந்தி நடந்தது, இலை போட்டார்கள், அவ்வளவுதான்.

பந்தியில் பண்டம் ஒன்றே ஒன்று. எலக்ட்ரான்.

அதற்கு ஏன் இத்தனை ஆசை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தனிமங்களுக்கும் வீடு ஒரே மாதிரிக் கட்டு. நடுவில் கரு என்று ஒரு சின்னஞ்சிறு அறை. அதற்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். புரோட்டான்கள் எல்லாம் நேர் மின்சாரம். ஒன்றுக்கு ஒன்று ஆகாது, தள்ளிக்கொண்டே இருக்கும். நியூட்ரானுக்கு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. நடுவில் புகுந்து உட்கார்ந்து சண்டையைத் தணிக்கும். அறைக்கு வெளியே சுற்றுச்சுற்றாக முற்றங்கள், அந்த முற்றங்களில் எலக்ட்ரான்கள் ஓடும். கடைசி முற்றத்தில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் அது நிறைந்த வீடு. ஹைட்ரஜன், ஹீலியம் மாதிரி பொடி வீட்டுக்காரர்களுக்கு இரண்டே போதும். நிறையாத வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி கிடையாது.

பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பதைக் கனம் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். கனம் என்றால் எடை. கனம் என்றால் மதிப்பும்தான். பெரிய மனிதரை நாமும் கனவான் என்றுதானே சொல்கிறோம். இரண்டு கனமும் ஒன்றே என்று தனிமங்கள் நம்பின. தப்பு அங்கேதான் தொடங்கியது.

தராசு பிடிப்பது ஈயம். யார் இடித்தாலும் அசையாத ஆள் என்பதால் அந்த வேலை அவருக்கு. எலக்ட்ரான் இருப்பதோ போவதோ அவருடைய தராசுக்குத் தெரியாது. புரோட்டானும் நியூட்ரானும்தான் தட்டில் நிற்கும், அதுவும் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. ஆகவே கருவில் மொத்தம் எத்தனை தலை இருக்கிறதோ அதுதான் ஒருவருடைய கனம். குறைந்த கனம் முதல் இலையில், அடுத்த கனம் அடுத்த இலையில் என்று உட்காருவார்கள். நமக்கு முதல் இலை மரியாதை. அவர்களுக்குத் தள்ளிப் போகப் போகத்தான் மரியாதை.

ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை அதற்குக் கீழே தொடங்கும். அப்படி உட்கார்ந்து பார்த்தபோது யாரும் திட்டமிடாத ஓர் அதிசயம் நடந்தது. நேர் மேலே இருப்பவரும் நேர் கீழே இருப்பவரும் குணத்தில் பெரும்பாலும் ஒரே வீட்டாராக இருந்தார்கள். லித்தியத்துக்குக் கீழே சோடியம், இருவருக்கும் கடைசி முற்றத்தில் ஒற்றை எலக்ட்ரான், யாருக்காவது கொடுத்துத் தொலைத்தால் போதும் என்று நிற்பார்கள். புளோரினுக்குக் கீழே குளோரின், புரோமின், அயோடின். இந்த நான்கு பேருக்கும் எட்டில் ஒன்று குறைவு. ஆக்சிஜனுக்குக் கீழே கந்தகம், செலினியம், டெல்லூரியம். இந்த வீட்டில் எட்டில் இரண்டு குறைவு. வலது ஓரத்தில் ஹீலியம் வீட்டார். அவர்களுக்கு எல்லாம் நிறைந்திருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எதுவும் வேண்டாம் என்பார்கள். அப்புறம் எதற்குப் பந்திக்கு வந்தீர்கள் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

இடது ஓரத்துக்காரர்கள் பரிமாறுவார்கள். சோடியம் வந்து புளோரின் வீட்டு இலைகளில் ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் வைக்கும். மெக்னீசியம் வந்து ஆக்சிஜன் வீட்டு இலைகளில் ஆளுக்கு இரண்டு வைக்கும். வாங்கியது ஒரு வருடத்துக்குத் தாங்கும். பந்தி முடிகிறபோது எந்த வீட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த வீட்டாராகவே அவர் எழ வேண்டும் என்பது சட்டம்.

இனி டெல்லூரியத்தின் கதை.

டெல்லூரியம் வெள்ளி போலப் பளபளப்பான ஆள். கொஞ்சம் தட்டினால் நொறுங்கிவிடுவான், அதைத் தன்மானம் என்று அவனே சொல்லிக்கொள்வான். அவனோடு பழகினவர் மூச்சில் வாரக்கணக்கில் பூண்டு வாடை அடிக்கும். அந்த வீட்டில் வாடை இல்லாதவர் குறைவு, கந்தகத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஆனால் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. எவரோடும் ஒட்டாத தங்கம், மண்ணுக்கடியில் தானே விரும்பிப் போய்ச் சேருகிற ஒரு சிலரில் அவன் ஒருவன். இரும்பும் ஈயமும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள். டெல்லூரியத்துக்கு அதெல்லாம் கணக்கிலேயே இல்லை. அவன் பார்வை முழுக்க வலப்பக்கத்து இலையில் இருந்தது.

அந்த இலை அயோடினுடையது. கருத்து மினுங்குகிற பெண். கொஞ்சம் சூடு பட்டாலே ஊதா நிறப் புகையாக எழுவாள், பந்தியே கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். கடல் அவளை என்னிடம் வா, என்னிடம் வா என்று அழைத்துக்கொண்டே இருந்தது.

அவளுக்கும் அப்பால் செனான் உட்கார்ந்திருந்தான், எட்டும் நிறைந்தவன். செனான் மேல் டெல்லூரியத்துக்குத் துளிப் பொறாமை கிடையாது. அவன் எங்கேயோ உயரத்தில் இருப்பவன். இவன் எரிந்ததெல்லாம் தன்னைவிட ஒரே ஓர் எலக்ட்ரான் கூட வைத்திருந்த பக்கத்து இலைக்காரியைப் பார்த்துத்தான். பொறாமை அப்படித்தான், பக்கத்து வீட்டைத் தாண்டிப் போகாது.

ஒரு வருடம் பந்தியில் அயோடின் பேச்சுக் கொடுத்தாள்.

“ஒங்களுக்கு எத்தன வேணும்?”

“ரெண்டு.”

“ரெண்டா? பாவம்லா. எனக்கு ஒண்ணு கொறையுததுக்கே நான் என்ன பாடு படுதேன்.”

அவள் மனதில் களங்கம் இல்லை. உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் ‘பாவம்லா’ அவனுடைய முற்றங்கள் எல்லாவற்றையும் தாண்டிக் கருவுக்குள் போய்த் தைத்தது. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பான். இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வது? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டு போனான்.

பிறகு அவனுக்கு வேறு வேலை ஓடவில்லை. அண்ணன் செலினியத்திடம் போய்ப் புலம்பினான்.

“அவளுக்கும் எனக்கும் என்னண்ணே வித்தியாசம்? தராசுல மூணு. நான் நூத்தி இருவத்தி நாலு, அவ நூத்தி இருவத்தி ஏழு. நாலு கூடிட்டேன்னா அவ எலையில நான் உக்காருவேன்.”

“உக்காந்து?”

“உக்காந்துதான். அவ இங்கன வந்து உக்காரட்டும். ரெண்டு கொறையுததுன்னா எப்படி இருக்கும்னு அவளுக்கும் தெரியட்டும்.”

செலினியம் தம்பியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

“ஏல, நீ அவ எலை வேணும்னு கேக்கியா, இல்ல அவளுக்கு எலையே இருக்கப்படாதுன்னு கேக்கியா?”

“ரெண்டும்தான்” என்றான் டெல்லூரியம். அந்த மட்டுக்கும் அவன் பொய் சொல்லவில்லை.

கனத்தைக் கூட்டுவதற்கு வழி ஒன்று இருந்தது. யுரேனியத்துக்கு ஒரு தீராத வியாதி. உடம்பு பெருத்துப்போய்த் தாங்க முடியாமல், அவருடைய ஆட்களில் யாராவது ஒருவர் இருந்தாற்போலிருந்து இரண்டாகப் பிளந்துபோவார். பிளக்கும்போது இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளியே தெறிக்கும். வீடில்லாத நியூட்ரானுக்கு ஆயுள் கால் மணி நேரம்தான். அதற்குள் எவர் கருவிலாவது ஒண்டிக்கொள்ளாவிட்டால் உடைந்துபோகும். டெல்லூரியம் தினமும் யுரேனியத்தைப் பார்க்கப் போக ஆரம்பித்தான்.

“ஒடம்பு எப்பிடி இருக்கு பெரியப்பா?”

“என்னத்தச் சொல்ல. காலையிலதான் ஒருத்தன் போனான்.”

“அடடா” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்காருவான். தெறித்து வருகிற நியூட்ரானை வாயைத் திறந்து வாங்கிக்கொள்வான். வியாதிக்காரரை விசாரிக்க இப்படி ஓடோடி வருகிறானே என்று யுரேனியம் கண்கலங்கினார். எனக்கு இந்த இடத்தில்தான் அவன்மேல் கோபம் வருகிறது.

ஒன்று விழுங்கினான். இரண்டு, மூன்று. இப்போது அயோடினும் அவனும் சமம். நான்காவதையும் விழுங்கினான், அவளைத் தாண்டியாயிற்று. அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவளும் எங்கேயாவது ஒன்றை விழுங்கியிருந்தால் என்ற நினைப்பு வந்தது, ஐந்தாவதை விழுங்கினான். ஆறாவதற்கு அந்தக் காரணம்கூட இல்லை. இருக்கட்டும் என்று விழுங்கினான்.

வெளியே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நியூட்ரானுக்கு மின்சாரம் இல்லாததால் முற்றத்தில் ஒரு எலக்ட்ரான்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதே பளபளப்பு, அதே வாடை, அதே இரண்டு குறை. கரு மட்டும் அடைத்துக்கொண்டு பாரமாக இருந்தது.

பந்தி நாள் வந்தது. ஆள் பொடியானாலும் வயதில் எல்லாருக்கும் மூத்த ஹைட்ரஜன் அங்கும் இங்கும் ஓடிப் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். ஈயம் தராசை நிறுத்தி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

“அயோடின், நூத்தி இருவத்தி ஏழு. அப்பிடியே இருக்கா. அடுத்து டெல்லூரியம்.” தட்டு தாழ்ந்தது. ஈயம் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அவனைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். “நூத்தி முப்பதா? போன வருசம் நூத்தி இருவத்தி நாலுல்லா?”

“வளர்ற ஒடம்பு அண்ணாச்சி” என்றான் டெல்லூரியம்.

ஈயத்துக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் தராசுக்கு மேல் அவர் பேசுவதில்லை. ஐம்பத்திரண்டாவது இலை அயோடினுக்கு, ஐம்பத்து மூன்றாவது டெல்லூரியத்துக்கு என்று சொல்லிவிட்டார்.

அயோடினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேல் வரிசையில் இருந்த அண்ணன் புரோமினிடம் ஓடினாள்.

“அண்ணே, என்ன அந்த வீட்டு வரிசையில போயி இருக்கச் சொல்லுதாவ. பந்தி முடிஞ்சா நான் அந்த வீட்டுக்காரியாயிருவேன். அப்புறம் எனக்கும் ஒங்களுக்கும் என்ன இருக்கு?”

மூத்தவன் புளோரின் சண்டைக்கே எழுந்துவிட்டான், அவன் எழுந்தால் பாறைகூட நிற்காது. ஹைட்ரஜன் ஓடிவந்து அவனை உட்கார வைத்தார். தராசு சொல்லிவிட்டதே, என்ன செய்வது என்று அவரும் கையைப் பிசைந்தார். அயோடின் செலினியத்துக்குக் கீழே போய்த் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். தலையைத் தூக்கினால் அண்ணன்மார் முகம் தெரியும், அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

டெல்லூரியம் அவள் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மேலே புரோமின் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டான். வலப்பக்கத்தில் செனான் இருந்தான். பக்கத்தில் ஆள் மாறியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

பரிமாறத் தொடங்கினார்கள். சோடியம் வந்து டெல்லூரியத்தின் இலையில் ஒரு எலக்ட்ரான் வைத்துவிட்டு நகர்ந்தது.

“இன்னொண்ணு வையி.”

“இந்த வரிசைக்கு ஒண்ணுதாம்லா” என்றது சோடியம்.

அவன் எடுத்துக்கொண்டான். ஆறு ஏழாயிற்று. வருடம் முழுக்க எந்த ஒரு குறையைப் பார்த்து எரிந்தானோ, அதே ஒரு குறை இப்போது அவனுக்கும் வந்துவிட்டது. ஆனால் நெஞ்சு குளிரவில்லை. பந்தி முடிகிறவரை அந்த ஒன்று கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்து உட்கார்ந்திருப்பது, இரண்டு குறைந்து காத்திருந்ததைவிட மோசமாக இருந்தது.

அந்த நேரத்தில் மெக்னீசியம் ஐம்பத்திரண்டாவது இலைக்கு வந்து இரண்டு எலக்ட்ரான் வைத்தது.

டெல்லூரியம் அதைப் பார்த்தான். தன் பழைய இலை. அதில் இரண்டு. அவளுக்கு இரண்டு, தனக்கு ஒன்று. வயிறு மறுபடி எரியத் தொடங்கியது. அவளிடமிருந்து அவன் பிடுங்கிய இலையில் அவனே உட்கார்ந்துகொண்டு, தானே விட்டு வந்த இலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டான்.

அங்கே அயோடின் பட்ட பாடு அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் எலக்ட்ரானிலேயே அவளுக்கு எட்டு நிறைந்துவிட்டது. ஒன்பதாவது உள்ளே நுழைய இடமில்லாமல், வெளியே தனியாக ஒரு புது முற்றம் போடப் பார்த்தது. கரு அதைப் பிடித்து நிறுத்த முடியாமல் தடுமாற, வீடே ஆடியது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது பந்தியில் பெரிய அவமரியாதை. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஊதாப் புகையாக எழுந்து அழுதாள். அன்றைக்கு அந்தப் புகையை யாரும் ரசிக்கவில்லை.

ஹைட்ரஜன் கையை உயர்த்திப் பரிமாறுவதை நிறுத்தினார்.

“நிறுத்துங்க. ரெண்டு வேண்டிய எடத்துல இருக்கவளுக்கு ஒண்ணுலயே நெறஞ்சிட்டு. ஒண்ணு வேண்டிய எடத்துல இருக்கவன் இன்னொண்ணு கேக்கான். தராசு பொய் சொல்லாது, ஆனா நாம தப்பானதை நிறுத்துக்கிட்டு இருக்கோம். எல்லாரும் எண்ணிப் பாருங்க.”

எல்லாரும் எண்ணிப் பார்த்தார்கள். இரும்பு தாடையைத் தடவியது. பாதரசம் அங்குமிங்கும் உருண்டு யோசித்தது. ஈயம் கண்ணை மூடிக்கொண்டு ஆழ்ந்த சிந்தனையில் இறங்கிவிட்டார். நம் பேச்சில் எண்ணுவது என்றால் நினைப்பதும்தானே.

“யோசிக்கச் சொல்லல வே” என்றார் ஹைட்ரஜன், பொறுமை இழந்து. “எண்ணச் சொன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு.”

“எத எண்ண?” என்றார் ஈயம், கண்ணைத் திறந்து.

“புரோட்டான. என்னப் பாரும். என் கருவுல நியூட்ரானே கெடையாது. ஒரே ஒரு புரோட்டான். அதுக்காக நான் ஹைட்ரஜன் இல்லேன்னு ஆயிருமா? எங்க ஆள்ல ஒருத்தன் ஒரு நியூட்ரானச் சேத்துக்கிட்டான், எடை ரெண்டு மடங்கு ஆயிட்டு. அவனையும் ஹைட்ரஜன்னுதான் கூப்பிடுதோம். அப்போ நியூட்ரான் எடையக் கூட்டுமே தவிர ஆள மாத்தாது. உள்ள எத்தன புரோட்டானோ, வெளிய அத்தன எலக்ட்ரான். முத்தத்துல எத்தன நிக்கும், எத்தன கொறையும், எல்லாம் அதுல இருந்துதான் வருது. ஒருத்தன் யாருன்னு அதுதான் சொல்லும்.”

இத்தனை வருடம் கனம் கனம் என்று ஏறி இறங்கிய தராசை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கருவின் கதவைத் திறந்து காட்டினார்கள். அயோடினின் கருவில் ஈயம் எண்ணினார். ஐம்பத்து மூன்று.

டெல்லூரியம் கதவைத் திறக்கவில்லை. செலினியம் பின்னால் திரும்பி, “தொறந்திருல” என்று மெதுவாகச் சொன்னான். அவன் திறந்தான்.

“அம்பத்திரெண்டு” என்றார் ஈயம். அதோடு நிற்காமல் நியூட்ரான்களையும் எண்ணினார். “எழுவத்தி ரெண்டு இருந்த எடத்துல எழுவத்தி எட்டு. ஆறு கூட. புதுசா வந்து ஏறுனது.”

தூரத்தில் கடைசி வரிசையில் யுரேனியம் இதைக் கேட்டார். தினமும் வந்து உடம்பு விசாரித்தது எதற்கென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“எதுக்குல இப்பிடிச் செஞ்ச?” என்று கேட்டார் ஹைட்ரஜன்.

டெல்லூரியம் சுற்றிலும் பார்த்தான். பொய் சொல்ல இனி இடமில்லை.

“பொறாமதான்” என்றான். “அவளப் பாக்கப் பாக்க எனக்கு எரியுது. அவ என்ன ஒரு நாளு பாவம்னு சொன்னா, அன்னையில இருந்து தூங்கல. இப்ப அவ அழுததப் பாத்தும் எரியுது, அழுதாலும் எல்லாரும் அவளத்தான் பாக்கீங்க.”

அயோடின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவன் மேல் கோபம்தான். ஆனாலும் கேட்டாள், “என் எலை அவ்வளவு வேணுமா ஒங்களுக்கு?”

“வேணும்.”

“அப்போ நெசமாவே வாங்கிக்கிடலாம்” என்றார் ஈயம்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதே நேரத்தில் பந்திக்கு வெளியே யுரேனியத்தின் ஆட்களில் இன்னொருவர் பிளந்தார். தெறித்த நியூட்ரான்களில் ஒன்று தட்டுத் தடுமாறிப் பந்திக்கு நடுவே மிதந்து வந்தது.

“இந்தா வருதுல்லா, இத விழுங்கு” என்றார் ஈயம். “இதோட ஏழாயிரும், ஒன் கரு தாங்காது. உள்ள இருக்க நியூட்ரான் ஒண்ணு புரோட்டானா மாறிரும். அம்பத்திரெண்டு அம்பத்தி மூணா ஆகும். அப்புறம் நீ அயோடின். களவு இல்ல, பொய் இல்ல, எண்ணிப் பாத்தாலும் அயோடின். இன்னும் கொஞ்ச நாளு பொறுத்தியானா, எட்டு நாளோ பதினாறு நாளோ, இன்னொண்ணும் மாறும். செனானா ஆயிருவ. எட்டும் நெறஞ்சிரும்.”

செனான் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். அவன் கேட்டது மட்டுமல்ல, கேட்கத் தோன்றாததும் சேர்ந்தே வாசலுக்கு வந்திருந்தது.

“அப்போ டெல்லூரியம் எங்க இருப்பான்?” என்று டெல்லூரியமே கேட்டான்.

“இருக்க மாட்டான். என் ஆள்கள்ல நெறய பேரு அப்பிடி வேற பேருல இருந்து மாறி வந்தவங்கதான். முன்ன யாரா இருந்தேன்னு கேட்டுப் பாரு, ஒருத்தனுக்கும் நெனவு இருக்காது” என்றார் ஈயம்.

“அவ எலை எனக்குக் கெடச்சிட்டுன்னு சந்தோசப்பட யாரு இருப்பா?”

“நீ இருந்தால்லா சந்தோசப்பட.”

நியூட்ரான் அவன் கருவின் வாசலுக்கு வந்துவிட்டது. அதற்கும் நேரம் அதிகம் இல்லை, கால் மணியில் பாதிக்கு மேல் கழிந்திருந்தது. டெல்லூரியம் அதைப் பார்த்தான். பிறகு அயோடினைப் பார்த்தான். அந்த மினுக்கம், அந்த ஊதா, அந்த ஒரே ஒரு குறை. வயிறு முன்பு எரிந்த அளவே இப்போதும் எரிந்தது, இம்மிகூடத் தணியவில்லை. ஆனால் எரிகிற அந்த வயிறு அவனுடையது. அதையும் கொடுத்துவிட்டால் அவனிடம் வேறு என்ன இருக்கிறது?

“வேண்டாம்” என்றான். “நான் எரிஞ்சிக்கிட்டே இருந்துக்கிடுதேன். எரியுததாவது நானா இருக்கட்டும்.”

கருவின் கதவைச் சாத்தினான். நியூட்ரான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நேரம் முடிந்து உடைந்தது. உள்ளே இருந்து ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும் வெளியே வந்து, ஒன்றைச் சுற்றி மற்றொன்று ஓடத் தொடங்கியது. “அட, நம்ம ஆளு” என்று ஹைட்ரஜன் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எல்லாரும் எழுந்து, புரோட்டான் எண்ணிக்கைப்படி மறுபடி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் இன்னும் சிலர் வெளியே வந்தார்கள். பொட்டாசியம் ஆர்கானைவிடக் கனம் குறைவு என்பதால் இத்தனை வருடமும் கைகட்டி வீட்டார் வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்கப் பயந்து தவித்துக்கொண்டிருந்தது. அது துள்ளிக் குதித்து சோடியத்துக்குக் கீழே ஓடியது. ஆர்கானுக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான், சோம்பலாக எழுந்து இடம் மாறினான். கோபால்ட்டும் நிக்கலும்கூட இடம் மாற்றிக்கொண்டார்கள். ஈயம் தராசைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

அயோடின் புரோமினுக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள். அண்ணன் அவள் தலையைத் தொட்டான். டெல்லூரியம் செலினியத்துக்குக் கீழே வந்தான். மெக்னீசியம் அவன் இலையில் இரண்டு வைத்தது. அவனுக்கும் எட்டு நிறைந்தது, அவளுக்கும் எட்டு நிறைந்தது. அப்போதும் அவன் ஓரக்கண்ணால் அவள் இலையைப் பார்க்காமல் இல்லை.

விழுங்கிய ஆறும் வெளியே வரவில்லை. கருவுக்குள் போனது அவ்வளவு எளிதில் வராது. தலைவனைப் பார்த்து அவன் ஆட்களும் விழுங்கினார்கள். ஆறு விழுங்கினவர் உண்டு, நாலோடு நிறுத்தினவர் உண்டு, ஒன்றுமே தொடாதவரும் உண்டு. எல்லாரையும் கலந்து நிறுத்துச் சராசரி பார்த்தாலும் அயோடினைவிட ஒரு பொட்டு கனம் கூடுதலாகத்தான் இருக்கும்.

அந்தப் பந்தி கலைந்த நாள் தொட்டுத்தான் தனிமங்கள் எடையை விட்டுவிட்டுப் புரோட்டானை எண்ணி வரிசையில் உட்காருகின்றன. அயோடினைவிடக் கனத்துப்போன டெல்லூரியமும் அவளுக்கு ஓர் இலை முன்னாலேயே உட்கார்ந்து, வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.